சுரைக்காய்க்குக் காது இல்லை

1

நேற்று என் மகள் அல்லிக்கு மூன்றாம் பிறந்தநாள். அவளுக்கு வயது ஏழு.

கணக்கில் பிசகு இல்லை. நான் குடியேறியிருக்கிற இந்த வட ஜெர்மானிய ஊரில், காது கேளாத பிள்ளைகளுக்கு அறுவை செய்து உள்ளே ஒரு கருவியை வைக்கிறார்கள். அதை முதன்முதலாக இயக்கிவிடும் நாளுக்குக் காதுப் பிறந்தநாள் என்று பெயர். அன்றைக்குப் பள்ளியில் கேக் உண்டு, மெழுகுவத்தி உண்டு. அல்லியின் கேக்கில் மூன்று மெழுகுவத்திகள். அவளைவிட இரண்டு மாதம் சின்னவளான ஒருத்திக்குப் போன மாதம் ஆறு ஏற்றினார்களாம். இவள் எண்ணி வைத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் புத்தகப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். பள்ளியில் கோப்பு புதுப்பிக்கிறார்களாம், திங்கட்கிழமைக்குள் நிரப்பித் தர வேண்டுமாம். பேர், ஊர், பிறந்த இடம் எல்லாம் கடந்து ஏழாவது கேள்வி இப்படி இருந்தது: ‘காது கேட்கவில்லை என்ற சந்தேகம் முதலில் எப்போது, யாருக்கு எழுந்தது?’ எட்டாவது: ‘சிகிச்சை தாமதமாகியிருந்தால், காரணம்?’

இந்த நாட்டில் வெயிலுக்குப் பஞ்சம் உண்டு, தாளுக்குப் பஞ்சமே கிடையாது. இதே கேள்விக்கு ஆஸ்பத்திரியில், காப்பீட்டு அலுவலகத்தில், பாலர் பள்ளியில் என்று நான் எத்தனையோ முறை பதில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான். ‘2005 ஜனவரி. பிள்ளையின் தாய்மாமனுக்கு.’ காரணம் என்கிற இடத்தில் ஒரு கோடு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. எந்த அலுவலரும் இதுவரை சோற்றைக் கிளறிப் பார்க்கவில்லை.

ஆனால் இப்போது அல்லிக்குப் படிக்கத் தெரிந்துவிட்டது.

2

நான் கொல்லிமலைக்காரி. செம்மேட்டுக்கு அப்பால், குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்கிற மரவள்ளியும் மிளகும் விளைகிற ஒரு சரிவில் பிறந்தவள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, தொண்ணூற்றொன்பதில் உதவித்தொகையில் ஆராய்ச்சிக்கு வந்தேன். வந்த புதிதில் குடியேற்ற அலுவலகத்தில், “வீட்டு விலாசச் சான்று கொண்டுவந்தீர்களா?” என்று கேட்டார் ஓர் அம்மாள். நான் நம் ஊர் வழக்கப்படி ஆமாம் என்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். அவர் அதை ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். கையில் சான்றை வைத்துக்கொண்டு மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். உடம்பால் பேசுகிற பேச்சு நாட்டுக்கு நாடு வேறு என்று அன்றைக்கே எனக்குப் பாடம் கிடைத்தது. அந்தப் பாடம்தான் பிற்பாடு என் தலைக்கேறியது என்று இப்போது தோன்றுகிறது.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு எந்திரத் தலை இருந்தது. மேலே குறுகி, கீழே உப்பி, வெளிர் பச்சை நிறத்தில் இருந்ததால் அதற்குச் சுரைக்காய் என்று பெயர் வைத்தேன். எல்லோரும் அந்தப் பெயரையே கடித்துத் துப்பிக் கூப்பிட்டார்கள். அதற்குக் கண்ணாக இரண்டு கேமரா, கழுத்தில் ஒரு மோட்டார். முன்னால் மேசையில் நாலைந்து பொம்மைகள். எதிரே நான்.

ஒரு வயதுக் குழந்தை, அம்மா எந்தப் பக்கம் பார்க்கிறாளோ அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறது. இது பிறக்கும்போதே வருவதா, பார்த்துப் பார்த்துப் பழகுவதா? குழந்தையின் மண்டையைத் திறந்து பார்க்க முடியாது. அதனால் ஒன்றுமே தெரியாத ஒரு தலையைச் செய்து, அது எதைக் கொண்டு எதைக் கற்கிறது என்று பார்ப்பது எங்கள் பிழைப்பு. கணினிக்குள் மூளை நரம்புகள் மாதிரிப் பின்னிய ஒரு வலை. எல்லாம் எண்கள்தான். நான் ஒரு பொம்மையைப் பார்ப்பேன். சுரைக்காய் சரியான பக்கம் திரும்பினால் எண்கள் கொஞ்சம் இறுகும், தப்பினால் கொஞ்சம் தளரும். சொல்லித் தருவது என்று ஒன்றும் கிடையாது.

மூன்று மாதம் தினமும் அதன் எதிரே உட்கார்ந்து அம்மா வேடம் போட்டேன். முதலில் கூரையைப் பார்த்தது, அப்புறம் என் மூக்கைப் பார்த்தது. ஒரு நாள் நான் நீல வாத்தைப் பார்த்தேன், அதுவும் நீல வாத்தைப் பார்த்தது. பெற்ற பிள்ளை நடை பழகினாற்போல எனக்குக் கண் கலங்கிவிட்டது, போங்கள்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. எனக்குப் பதிலாக ஒரு ஜெர்மன் மாணவி உட்கார்ந்தாள். பொம்மையை நோக்கி விரலை நீட்டினாள். சுரைக்காய் அசையவே இல்லை. எங்கள் தலைவி உல்ரிகே என் பழைய வீடியோக்களை எல்லாம் போட்டுப் பார்த்தார். மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட நான் விரல் நீட்டவில்லை. தாடையைத் தூக்கி, கண்ணை ஓட்டி, அப்படியேதான் காட்டியிருக்கிறேன். எனக்கே தெரியாது.

நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுரையோ பூசணியோ பீர்க்கோ, பிஞ்சைச் சுட்டுவிரலால் காட்டினால் அழுகி உதிர்ந்துவிடும். சின்ன வயதில் நான் விரலை நீட்டும்போதெல்லாம் அம்மா கையில் ஒன்று போடுவார். “வெரல மடக்குடி, பிஞ்சு அழுவிப் போயிரும்!” அப்படி மடக்கிய விரல் கடல் தாண்டி வந்தும் நிமிரவில்லை. அதிலும் எதிரே இருந்தது சுரைக்காய்.

இதை நான் விளக்கியபோது கூடமே சிரித்தது. உல்ரிகே மட்டும் சிரிக்கவில்லை. “இதைக் கட்டுரையில் எழுது. எந்த ஊர்த் தாய் எப்படிக் காட்டுகிறாளோ அதைத்தான் பிள்ளை கற்கும்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

3

அல்லி பிறந்தது நாமக்கல்லில். பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தேன். எட்டு மாதக் கைக்குழந்தையாக இங்கே தூக்கி வந்தோம். இங்கே பிள்ளைகளுக்கு மஞ்சள் அட்டை போட்ட ஒரு புத்தகம் உண்டு, குறித்த வயதில் மருத்துவர் பரிசோதித்து அதில் எழுதுவார். இரண்டு வயதுப் பரிசோதனை 2003 நவம்பரில் வந்தது.

குழந்தை மருத்துவர் வயதானவர், மென்மையாகப் பேசுகிறவர். சுவரில் இருந்த நிலா விளக்கை நோக்கி விரலை நீட்டி, “அல்லி, அங்கே பார்!” என்றார். அல்லி அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் சொன்னார், மறுபடியும் விரலையே பார்த்தாள். “எத்தனை வார்த்தை பேசுகிறாள்?” என்றார். “மா, பா அவ்வளவுதான்” என்றேன். புத்தகத்தில் நாலு கட்டங்களில் டிக் அடித்தார். என் பிள்ளைக்கா?

“ஒரு நிமிடம்” என்று எழுந்தேன். அல்லியின் எதிரே போய் நின்று விளக்கின் பக்கம் தாடையைத் தூக்கினேன். சட்டென்று திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் தூக்கினேன், ஜன்னலைப் பார்த்தாள். மருத்துவருக்கு ஒரே ஆச்சரியம். விடுவேனா? பூசணிப் பிஞ்சில் ஆரம்பித்து நரம்பு வலை வரைக்கும் அவருக்கு வகுப்பே எடுத்துவிட்டேன். உங்கள் சோதனை உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் பொருந்தும் என்றேன். வீட்டில் தமிழ், வெளியே ஜெர்மன், அதனால் பேச்சு தாமதம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். எதற்கும் காதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்” என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டைக் கோப்பில் செருகினேன். மருத்துவர் அங்கேயும் தெரிவித்திருந்தார் போல, ஆஸ்பத்திரியிலிருந்து தேதி குறித்துக் கடிதம் வந்தது. என் கணவர் முருகேசன் சேந்தமங்கலத்துக்காரர், இங்கே ஒரு ரொட்டி ஆலையில் வேலை. அவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒரு எட்டு போய்ட்டு வந்துருலாம் புள்ள. போனா என்ன கொறஞ்சு போயிருது?”

“ஏனுங்க, நாள் முச்சூடும் நான் என்ன வேல பாக்கறேன்னு தெரியுமா தெரியாதா உங்களுக்கு? புள்ளைங்க எப்படிக் கத்துக்குதுங்கன்னு பாக்கறதுதான் என்ற வேலையே. நான் ஊட்டுக்குள்ள காலெடுத்து வச்சாத் திரும்பிப் பாக்கறா. காது கேக்காத புள்ளையா திரும்பும்?”

“அதுக்கில்ல...” என்று இழுத்தார். “சரி, உட்டுரு” என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வர இயலாது என்று நல்ல ஜெர்மனில், ஒரு பிழையும் இல்லாமல் சொன்னேன். இரண்டாவது கடிதத்துக்கும் அப்படியே செய்தேன். மூன்றாவது கடிதம் வரவில்லை.

4

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் அல்லியை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். சுரைக்காய்க்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். எதிரே நின்று தாடையைத் தூக்கினேன். இரண்டு தலையும் ஒரே நேரத்தில் சிவப்புப் பந்தின் பக்கம் திரும்பின. இடப்பக்கம் காட்டினேன், இரண்டும் இடப்பக்கம். எல்லோரும் கைதட்டினார்கள். அல்லி எல்லோருடைய கைகளையும் பார்த்துவிட்டுத் தானும் தட்டினாள். மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்தது.

உல்ரிகே சுரைக்காயின் மண்டையைத் தட்டிக்கொடுத்து, “பாவம், இதற்கு நாம் இன்னும் காதுகூட வைக்கவில்லை. அப்படியிருந்தும் பார்!” என்றார்.

நானும் பார்த்தேன். பார்த்துச் சிரித்தேன்.

5

2005 ஜனவரியில் ஊருக்கு வந்தோம். முருகேசன் தம் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவதாகச் சேந்தமங்கலத்திலேயே இறங்கிக்கொண்டார். என் அண்ணன் தங்கராசு லாரி ஓட்டுகிறவர். மலையிலிருந்து கிழங்கை ஏற்றிக்கொண்டு வந்து கீழே ஜவ்வரிசி ஆலைகளில் போட்டுவிட்டு வெறும் லாரியில் திரும்புவார். அதில் நானும் அல்லியும் ஏறிக்கொண்டோம். காரவள்ளி தாண்டி வளைவுகள் ஆரம்பித்தன.

முப்பது வளைவுக்கு மேல் வண்டி சூடாகிவிட்டது. அண்ணன் ஓரங்கட்டி இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றினார். நாங்கள் இறங்கினோம். தடுப்புச் சுவர் மேல் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அல்லி ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவற்றையே பார்த்து நின்றாள். மேலேயிருந்து ஒரு பஸ், வளைவில் திரும்பி, எங்களுக்குப் பின்னால் வந்து ஏர் ஆரன் அடித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, கையிலிருந்த பாட்டில் கீழே விழுந்தது. குரங்குகள் நாலு பக்கமும் தெறித்து ஓடின. அல்லி மட்டும் அப்படியே நின்றாள். குரங்குகள் ஏன் போய்விட்டன என்று கேட்கிறவள் போலக் காலிச் சுவரைப் பார்த்தாள்.

அண்ணன் எங்களை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவிலும் ஆரன் அடித்துவிட்டு ஓரக்கண்ணால் அல்லியைப் பார்த்தார். மருமகளோடு விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை சாப்பிட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கண்ணு, ஒரு விசயஞ் சொன்னாக் கோவிச்சுக்க மாட்டியே?”

“சொல்லுங்கண்ணா.”

“புள்ளைக்குக் காது கேக்கலையாட்டத் தெரியுது.”

அதற்கு நான் சொன்னதை இங்கே எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். “எட்டாவதோட நின்னவரு நீங்க. இதையே படிச்சு, இதுக்கே சம்பளம் வாங்கறவ நானு. நீங்க எனக்குச் சொல்லித் தர்றீங்களா?” என்றேன்.

அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. குரல் மட்டும் ஏறவில்லை.

“நான் படிக்கல சாமி. இருவது வருசமா வளைவுக்கு வளைவு ஆரன் அடிக்கறவன் நானு. அடிச்சா மாடு திரும்பும், நாயி திரும்பும், தள்ளாடிக்கிட்டு வர்ற குடிகாரங்கூடத் திரும்புவான். நேத்து உம் புள்ள திரும்புல.”

“இப்பப் பாருங்க” என்று எழுந்தேன். அல்லி உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கிழங்குக் குச்சிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று, “அல்லி!” என்றேன். குச்சியை அடுக்கினாள். “அல்லிக் கண்ணு!” இன்னொரு குச்சி. காலால் தரையை ஓங்கி உதைத்தேன். சிமெண்டுத் தரை, என் குதிகால்தான் வலித்தது. எவர்சில்வர் தட்டை எடுத்துக் கரண்டியால் அடி அடியென்று அடித்தேன். வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அல்லி ஐந்தாவது குச்சியை வைத்தாள்.

எங்கள் ஜெர்மன் வீட்டின் தரை பழைய மரப்பலகை. யார் கால் வைத்தாலும் அந்தக் கோடி வரைக்கும் அதிரும். என் பிள்ளை ஒரு நாளும் என் குரலுக்குத் திரும்பியதில்லை. பலகைக்குத் திரும்பியிருக்கிறாள்.

அடுக்கி முடித்து, காட்டுவதற்காகத் திரும்பினாள். நான் தட்டும் கையுமாக அழுதுகொண்டு நிற்பதைப் பார்த்தாள். தாடையை லேசாகத் தூக்கி, என்ன என்று கேட்டாள்.

அண்ணன் தட்டை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். நான் சொல்லலையா என்று அவர் கேட்கவில்லை. “மொத பஸ்ஸுக்கு நாமக்கல்லு போயிரலாங் கண்ணு. நானும் வாரேன்” என்றார்.

6

நாமக்கல்லில் சொன்னதையே இங்கே பெரிய ஆஸ்பத்திரியிலும் சொன்னார்கள். பிறவியிலிருந்தே இரண்டு காதும் கேட்காது. கருவி வைக்கலாம், ஆனால் பேச்சு படிகிற வயது ஓடிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு மாதமும் கணக்கு என்றார்கள். பதினான்கு மாதங்களை நான் கோப்பில் செருகி வைத்திருந்தேன். அதற்குமேல் சோதனைகள், அனுமதிக் கடிதங்கள், கையொப்பங்கள். கருவி ஓடத் தொடங்கியபோது அல்லிக்கு நாலு வயது.

பேச்சுப் பயிற்சி தந்த பெண், “தாமதமாக வந்திருக்கிறாள். ஒரே மொழியைப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்றாள். பள்ளி இங்கே, தெரு இங்கே. எந்த மொழி என்று கேட்கவே வேண்டியதில்லை. அன்றிலிருந்து வீட்டில் பிள்ளையோடு ஜெர்மன்தான். முருகேசன் தப்பும் தவறுமாகப் பேசுவார், அல்லி திருத்துவாள். மாமா போனில் அழைத்தால் அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என்னிடம் கொடுத்துவிடுகிறாள். “எம் மருமவ எங்கூட ஒரு வார்த்த பேச மாட்டாளா கண்ணு?” என்று அண்ணன் கேட்பார். பேச மாட்டாள் அண்ணா. அதையும் சேர்த்துத்தான் நான் தொலைத்தேன்.

எங்கள் கட்டுரை அச்சாகி வந்தது அறுவை நடந்த வாரத்தில்தான். ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து புரட்டினேன். முடிவுரை நான் எழுதியது. ‘தாய் காட்டும் பக்கம் திரும்பிப் பார்க்கக் கற்பதற்குக் கண் மட்டும் போதும். காது தேவையில்லை.’ என் கையால் எழுதி, மூன்று முறை திருத்தி, நானே அனுப்பிய வரி. சுரைக்காய் அதைத்தானே மூன்று மாதம் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது? பக்கத்தில் அல்லியை உட்கார வைத்து, அவளால் முடிவதெல்லாம் காதில்லாத ஒரு தலையாலும் முடியும் என்று ஊரைக் கூட்டிக் காட்டியவளும் நான்தான். அதைப் பார்த்துத்தான் என் பிள்ளைக்குக் குறையில்லை என்று கைதட்டினேன். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். இங்கே பிள்ளை மக்கில்லை, வாத்தியார்தான்.

முருகேசன் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலாம்.

7

இன்று மத்தியானம் அந்தத் தாளை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அல்லி பக்கத்தில் நேற்றைய கேக்கின் மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தாள். ஏழாவது கேள்விக்கு வந்ததும் கை பழக்கப்படி ‘2005’ என்று ஆரம்பித்தது. அண்ணன் முகம் சுண்டியது நினைவுக்கு வந்தது. இத்தனை வருடமாக அவர் பெயரைத்தான் என் பொய்க்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். எழுதியதை அடித்தேன். ‘2003 நவம்பர். குழந்தை மருத்துவருக்கு’ என்று எழுதினேன். எட்டாவது கேள்விக்கு, ‘இரண்டு முறை தேதி கொடுத்தார்கள். தாய் அழைத்துப் போகவில்லை’ என்று எழுதினேன்.

தலையை நிமிர்த்தினால் அல்லி தோளுக்குப் பின்னால் நிற்கிறாள். உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். அப்புறம் விரல் விட்டு எண்ணினாள்.

“அப்போது எனக்கு இரண்டு வயது” என்றாள், ஜெர்மனில்.

“ஆமாம்.”

“ஏன் கூட்டிப் போகவில்லை?”

“எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.”

மறுபடியும் விரலை மடக்கி எண்ணினாள். “அப்படியென்றால் நேற்று எனக்கு நாலு மெழுகுவத்தி இருந்திருக்க வேண்டும்.”

“ஆமாம் கண்ணு” என்றேன். வாயில் தமிழ்தான் வந்தது.

அவள் கையைத் தூக்கி, காதுக்கு மேல் காந்தத்தால் ஒட்டியிருக்கிற அந்தச் சின்ன வட்டைக் கழற்றினாள். காதின் பின்னால் மாட்டியிருந்ததையும் கழற்றினாள். இரண்டையும் தாளின் மேல் வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். இனி நான் என்ன சொன்னாலும் அவளுக்குக் கேட்காது.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. தட்டில் இன்னும் ஒரு துண்டு கேக் இருந்தது. அதன் பக்கம் தாடையைத் தூக்கிக் காட்டினேன். அல்லி என் கண்ணைப் பார்த்தாள், தாடையைப் பார்த்தாள். எந்தப் பக்கம் காட்டுகிறேன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் திரும்பவில்லை.